சுண்ணாம்புக் கோடு விழாத பெட்டிகள்

காலையிலிருந்து பக்கத்து வீட்டில் மதிலுக்கு அடிக்கச் சுண்ணாம்பு நீற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சூடான மணம் சன்னல் வழியாக உள்ளே வந்து, தையல் மெஷின் முன்னால் இருந்த என்னை எழுப்பிவிட்டது. பாதி தைத்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு இந்தத் தாளை எடுத்தேன். இது உமக்கு வந்து சேராது என்று தெரியும். ஆனாலும் உமக்குத்தான் எழுத வேண்டும். வேறு யாருக்கு எழுதினாலும் இரண்டாவது வரியிலேயே நான் என் பக்கத்து நியாயத்தைப் பேசத் தொடங்கிவிடுவேன்.

சுண்ணாம்பு என்றால் எனக்கு வீடு நினைவுக்கு வராது; குலசேகரத்துக்கு மேலே இருந்த அந்த ரப்பர் தோட்டம்தான் வரும். மாசி மாதம் மரங்கள் புதுத் தளிர் விட்டு, இலைக்காம்பில் தேன் கசியும் நாட்கள். உம்முடைய எண்பது தேனீப் பெட்டிகளும் என்னுடைய இருபது பெட்டிகளும் மரங்களுக்கு நடுவே கால்நட்டு நிற்கும். உமக்கு அது பிழைப்பு. எனக்குத் தக்கலையில் தையல் கடை இருந்தது. தேனீ ஒரு பிடிவாதம், அவ்வளவுதான். வாரத்தில் ஒரு நாள் நாம் சேர்ந்து எல்லாப் பெட்டிகளையும் திறந்து சட்டம் சட்டமாகத் தூக்கிப் பார்ப்போம். தேனீப் புழு கெட்டுப்போன தேனடை ஒன்று இருந்தால் மூடியின் மேல் சுண்ணாம்பால் ஒரு கோடு. இரண்டு இருந்தால் இரண்டு கோடு. நன்றாக இருக்கும் பெட்டிக்கு ஒன்றும் கிடையாது. மூடியைச் சாத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். நம் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். கோடு விழாத பெட்டியை யாரும் இரண்டாவது தடவை திரும்பிப் பார்ப்பதில்லை.

மத்தியானம் நீர் மரச்சீனிக்கிழங்கும் மீன் கறியும் கொண்டுவருவீர். நான் சோறு. தின்று முடிக்கும்வரை உம்முடைய வாய் சும்மா இருக்காது.

"என்ன வே கணக்கப்பிள்ளே, தேனீக்கு எத்தன காலு?"

"ஆறு."

"எண்ணிப் பாத்தீரா, பொஸ்தகத்துல பாத்தீரா?"

"பொஸ்தகத்துல."

"அப்ப ஒமக்கு ஆறு. நான் எண்ணல்ல, அதனால எனக்குத் தெரியாது" என்று சொல்லி, கிழங்கில் ஒரு துண்டை என் இலையில் போடுவீர்.

நீர் ஐந்தோடு நின்றவர், நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நின்ற பிறகுதான் படித்தேன். கோட்டாற்றில் பழைய புத்தகக் கடைக்காரர் எனக்கென்றே கணக்குப் புத்தகங்களை ஒதுக்கி வைப்பார். ஒருவரும் சொல்லித்தராமல் இருபடிச் சமன்பாடுவரை நானே போனேன். அதில் எனக்குக் கர்வம் இருந்தது. இப்போதும் இருக்கிறது; அதை மறைக்கப் போவதில்லை. ஊரில் அந்தக் கர்வத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தவர் யார் என்றால், கிண்டல் செய்தாலும், நீர் ஒருவர்தான். "படியும் வே, நீரு படிச்சா எனக்கும் கொஞ்சம் வெளங்கும்" என்று சொல்வீர்.

அந்த வருஷம் நோய் வந்தது. புழு ஒரு சின்னத் தண்ணீர்ப் பைபோல உப்பிச் செத்துக்கிடக்கும்; ஊசியால் தொட்டால் உடையும். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் பெட்டி வைத்திருந்தவர்கள் கதிகலங்கிப் போனார்கள். தேனீ வளர்ப்பவர்களின் நம் சிறிய சங்கத்தில், அது நாற்பது பேர்கூட இல்லாத ஒரு சங்கம், எங்கிருந்து இது பரவுகிறது என்று ஒரே பேச்சு. நான் எழுந்து, "எண்ணிச் சொல்லுதேன்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே எழுந்தேன்.

மறுநாள் தனியாகத் தோட்டத்துக்குப் போனேன். மூடிகளின் மேலிருந்த சுண்ணாம்புக் கோடுகளை எண்ணினேன். உம்முடையதில் ஒரு கோடு விழுந்தவை பத்து, இரண்டு கோடு விழுந்தவை ஆறு. என்னுடையதில் ஐந்தும் மூன்றும். பெரிய அட்டையில் கட்டம் கட்டி, இடப்பக்கம் உம்முடைய பேரும் என்னுடைய பேரும், மேலே ஒரு கோடு, இரண்டு கோடு என்று தலைப்பும் போட்டு எழுதினேன். நோயுள்ள பெட்டி மொத்தம் இருபத்துநான்கு. அதில் பதினாறு உம்முடையது. மூன்றில் இரண்டு. என் பெட்டிகளையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறேனே என்று எனக்கு என்னைப் பற்றி நல்ல எண்ணம்கூட வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, நீர் கோயில் ஆராதனை முடிந்து வெள்ளை வேட்டியோடு நேரே சங்கத்துக்கு வந்திருந்தீர். நான் அட்டையைச் சுவரில் சாத்தி வைத்து, குச்சியால் தொட்டுத் தொட்டுச் சொன்னேன். நீர் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தீர்.

"எனக்க பெட்டி எண்பதாக்கும் வே. அதுல கோடு விழாதது எத்தன? அத எங்க எழுதியிருக்கீரு?"

"கோடு விழாததுக்கு என்ன கணக்கு? சீக்கப் பத்தியாக்கும் பேச்சு. இல்லாதத எப்படி எழுத?"

"பூஜ்யம்னு எழுதும். ஒண்ணு, ரெண்டுன்னு எழுதத் தெரியுது. பூஜ்யம் எழுதத் தெரியாதா?"

நான் சிரித்தேன். எல்லாரும் கேட்கும்படி, "அஞ்சாங்கிளாசு எனக்குக் கணக்கு சொல்லித் தருதாக்கும்" என்றேன். சிலர் சிரித்தார்கள். நீர் கொஞ்சமும் யோசிக்காமல் திருப்பிச் சொன்னீர்: "எட்டாங்கிளாசுக்கு ஒம்பதாங்கிளாசுல என்ன இருக்குன்னு தெரியாதுல்லா."

அறை முழுவதும் சிரித்தது. எனக்குக் கிடைத்த சிரிப்பைவிட உமக்குக் கிடைத்தது பெரிது. அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. இன்று இதை எழுதும்போதும், அது நியாயமில்லாத பேச்சு என்று எனக்குள் ஒருவன் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான். நான் அட்டையைச் சுருட்டி மேசைமேல் போட்டு, "கணக்கு இங்க கெடக்கு, சங்கம் முடிவு பண்ணட்டும்" என்றேன். சங்கம் முடிவு பண்ணியது. தேன் வரத்து உச்சத்தில் இருந்த மாதத்தில், உம்முடைய பெட்டிகளை மட்டும் அந்தத் தோட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று. மூன்றாம் நாள் நீர் வேன் பிடித்து ஏற்றினீர் என்று கேள்விப்பட்டேன். நான் கைகொடுக்க வரவில்லை. அதற்குள் டீக்கடையில் உமக்குப் பேர் வைத்துவிட்டார்கள்: சீக்குப்பெட்டிக்காரர்.

என் பெட்டிகள் அங்கேயேதான் நின்றன. அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு நாம் பேசவில்லை. நீர் தேனீயை விட்டுவிட்டீர் என்றார்கள். பெட்டிகளை விற்றுவிட்டிருப்பீர் என்று நானே நினைத்துக்கொண்டேன். விடியற்காலையில் அடுத்தவர் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் போகிறீர் என்றார்கள். எண்பது பெட்டிக்குச் சொந்தக்காரர். ரோட்டில் எதிரே வந்தால் நான் கடைப்பலகையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்வேன். நீர் குனியமாட்டீர், நேரே பார்த்துப் போவீர். அதுவும் எனக்குக் கோபம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கோட்டாற்றுக் கடைக்காரர் அட்டை போன ஒரு கல்லூரிப் புள்ளியியல் புத்தகத்தைக் கொடுத்தார். நல்ல தமிழ்ப் புத்தகம். நடுவில் ஒரு பாடம்: இரண்டு மாறிகளைச் சேர்த்து ஒரே அட்டவணையில் எழுதுவது. ஒரு குடும்பத்தில் எத்தனை சைக்கிள், எத்தனை பிள்ளைகள் என்று ஏதோ உதாரணம். என் கண் உதாரணத்தில் நிற்கவில்லை. அந்த அட்டவணையின் முதல் நிரலின் தலையில் நின்ற எண்ணில் நின்றது. பூஜ்யம். சைக்கிளே இல்லாத வீடுகளுக்கும் ஒரு நிரல் போட்டிருந்தார்கள். வலது ஓரத்தில் வரிசைக் கூட்டுத்தொகை, கீழே நிரல் கூட்டுத்தொகை.

புத்தகத்தை மூடினேன். மூடிவிட்டால் போய்விடுமா. ஒரு தாளை எடுத்து நம்முடையதை எழுதினேன். உம்முடைய வரிசை: பூஜ்யக் கோடு அறுபத்துநான்கு, ஒரு கோடு பத்து, இரண்டு கோடு ஆறு. ஓரத்தில் எண்பது. என் வரிசை: பன்னிரண்டு, ஐந்து, மூன்று. ஓரத்தில் இருபது. எல்லாம் சேர்த்து நூறு. எந்தக் கட்டத்துக்கும் புது எண்ணிக்கை தேவைப்படவில்லை. எண்பது என்று நீரே எழுந்து நின்று சொன்னீர். இருபது என்று எனக்குத் தெரியும். கழித்தால் வந்துவிடும். அன்றைக்கே வந்திருக்கும்.

உமக்குச் சொல்கிறேன், நீர் கேட்டதற்குப் பதில் இதுதான். நூறு பெட்டியில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், அது உம்முடையதாகவும் நோயுள்ளதாகவும் இருக்க நூற்றுக்குப் பதினாறு. இதைக் கூட்டு நிகழ்தகவு என்கிறார்கள். இரண்டும் சேர்ந்து நடப்பது. நோயைப் பற்றி ஒன்றும் கேட்காமல், உம்முடையதா என்று மட்டும் கேட்டால் நூற்றுக்கு எண்பது. அது ஓரத்துக் கூட்டுத்தொகையிலிருந்து வருவது, விளிம்பு நிகழ்தகவு. மூன்றாவது ஒன்று இருக்கிறது. ஒன்று தெரிந்தபின் மற்றொன்றைக் கேட்பது, நிபந்தனை நிகழ்தகவு. நான் சங்கத்தில் சொன்னது: நோயுள்ள பெட்டி என்று தெரிந்தபின், அது உம்முடையதாக இருக்க எவ்வளவு? இருபத்துநான்கில் பதினாறு. நான் கேட்டிருக்க வேண்டியது: உம்முடைய பெட்டி என்று தெரிந்தபின், அதில் நோய் இருக்க எவ்வளவு? எண்பதில் பதினாறு. மேலே அதே பதினாறுதான். கீழே வகுக்கிற எண்தான் வேறு. கீழே நிற்க வேண்டிய எண்பதைத்தான் நான் எழுதாமல் விட்டேன்.

உம்முடைய பெட்டிகளில் ஐந்துக்கு ஒன்று. என்னுடையதில் இருபதில் எட்டு; ஐந்துக்கு இரண்டு. இரண்டு மடங்கு. நூற்றில் எண்பது வைத்திருந்தவரிடம் நோயிலும் எண்பது சதவீதம் இருந்திருந்தால்கூட யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. உம்மிடம் அதைவிடக் குறைவாக இருந்தது. நீர் என்னைவிடப் பெட்டியைச் சுத்தமாக வைத்திருந்தீர் என்பதற்கு என் அட்டைதான் சாட்சி. அதை நான் உமக்கு எதிராகப் பிடித்துக் காட்டினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் தை மாதம் நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து நான்கு கூடு வாங்கி வந்து என் பெட்டிகளில் விட்டிருந்தேன். உமக்கும் தெரியும், "பாத்து வாங்கினீரா வே" என்று கேட்டீர். அட்டவணையில் அதற்கு நிரல் இல்லை. அதனால்தான் நோய் வந்தது என்று நான் சொல்லவில்லை, அட்டவணை யார் கொண்டுவந்தார் என்று சொல்லாது. ஆனால் கூட்டத்தில் அதை நான் வாயைத் திறந்து சொல்லவும் இல்லை.

இதெல்லாம் தெரிந்த அன்று காலை பத்து மணி. உம்முடைய வீட்டுக்குப் பஸ்ஸில் அரைமணி நேரம். நான் போகவில்லை. ஒம்பதாங்கிளாசு என்று நீர் சொன்னது எழுந்து நின்று என் வழியை மறித்தது. முதலில் அவர் அந்தப் பேச்சுக்கு வருத்தம் தெரிவிக்கட்டும் என்று நினைத்தேன். எழுபது வயதுக்காரன் இப்படி நினைத்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதுகிறேன்.

ஒருமுறை வாய்ப்பு என் மடியிலேயே வந்து விழுந்தது. தக்கலை பஸ் ஸ்டாண்டில் நீர் மருந்துப் பையோடு நின்றீர். மெலிந்திருந்தீர். அன்றைக்குக் குனிய ஒரு கடைப்பலகையும் இல்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"சொகமா?"

"இருக்கேன் வே. கணக்கு எப்படி இருக்கு?"

கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டீர். அந்தத் தாள், மடித்து மடித்துக் கிழிந்த அந்தத் தாள், அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. நான், "குளச்சல் பஸ் இப்பல்லாம் லேட்டாத்தான் வருது" என்றேன். நீர் என் முகத்தைப் பார்த்தீர்.

"என்னமோ சொல்ல வந்தீருல்லா. சொல்லும், பஸ் வருது."

"ஒண்ணுமில்ல."

"அப்ப சரி" என்று ஏறிவிட்டீர். சன்னலோரம் இடம் கிடைத்ததா என்றுகூட நான் பார்க்கவில்லை.

ஆடி மாதம் நீர் போய்விட்டீர். கல்லறைத் தோட்டத்தில் கூட்டத்தின் பின்னால் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர், உம்மைச் சரியாகத் தெரியாதவர்கள், மெல்லப் பேசிக்கொண்டார்கள்.

"இவிய ஆரு, ரப்பர் வெட்டினவியளா?"

"ஆமா. அந்தச் சீக்குப்பெட்டிக்காரரு இல்லியா, அவியதான்."

உம்மை மண்ணுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பேர் வெளியே நின்றுகொண்டிருந்தது.

ஒரு மாதம் கழித்து உம்முடைய வீட்டுக்குப் போனேன். உம்முடைய மனைவி என்னைக் கண்டு எழுந்திருக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் தாளை விரித்து, பூஜ்யத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். "தங்கச்சி, அவரு கேட்டதுதான் சரி. நான் எழுதினது தப்பு" என்று முடித்தேன். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணே, அவிய அந்தக் கூட்டத்துல மட்டுந்தான் எதுத்துப் பேசினாவ. வீட்டுக்கு வந்த பொறவு பேச்சே இல்ல. ஒரு வாரம் சுவரப் பாத்துக்கிட்டு இருந்தாவ. பொறவு சொன்னாவ, 'அவன் ராவும் பகலும் படிக்குதவன். எனக்குத் தெரியாத என்னமோ அந்தக் கணக்குல இருக்கும். அவன் எழுதினா அதுல காரியம் இருக்கும்'னு."

விரித்த தாளை நான் மடிக்கத் தொடங்கினேன்.

"பெட்டிய வித்தாவன்னு நெனச்சீயளா? எங்க அண்ணன் தோப்புல எறக்கி வச்சிருந்தாவ. ஒரு நாள் காலம்பற போய் அத்தனைக்கும் மண்ணெண்ண ஊத்திக் கொளுத்திட்டாவ. நல்ல பெட்டியும் சேத்துத்தான். வெலைக்குக் கேட்டு ஆளு வந்து நின்னுது. 'என்னால இன்னொருத்தன் பெட்டிக்குச் சீக்கு போவப்பிடாது'ன்னு சொல்லிப்போட்டாவ."

கீரைக்காம்புகளைக் கூட்டி முறத்தில் அள்ளினாள்.

"சாவுத வரைக்கும் ஊருக்கெல்லாம் தன்னாலதான் சீக்கு வந்துதுன்னு நெனச்சாவ. ஜெபத்துலகூட அதச் சொல்லுவாவ. இத ஏன் இப்ப எங்கிட்ட சொல்லுதீய? எனக்குக் கணக்கு தெரியாது. அவிய பெட்டி எப்படி இருந்துதுன்னு தெரியும். பேரு வச்சவியகிட்ட போய்ச் சொல்லுங்க."

நீர் என்னை எதிர்த்தீர் என்றுதான் இத்தனை வருஷம் உம்மேல் கோபமாக இருந்தேன். நீர் என்னை நம்பியிருக்கிறீர். கோடு விழாத அறுபத்துநான்கு பெட்டியிலும் தேனீ உயிரோடு இருந்தது. உம்முடைய கண்ணால் திறந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்று உம்முடைய கையால் மூடின பெட்டிகள். உம்முடைய கண்ணைவிட என் அட்டையைப் பெரிதாக நினைத்துவிட்டீர். நீர் என்னை ஏசியிருந்தால், இன்னும் பத்துப் பேரை என்னைப் பார்த்துச் சிரிக்க வைத்திருந்தால், எனக்கு இன்று தூக்கம் வரும்.

போன ஞாயிறு சங்கத்துக்குப் போனேன். பாதிப் பேர் புதியவர்கள். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து பெட்டி வைத்தவர்கள். உம்மைத் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். தலைவர், "ஐயா, பழைய கத இப்ப என்னத்துக்கு?" என்றார். நான் உட்கார மறுத்துவிட்டேன். புது அட்டையில் மூன்று நிரலும் ஓரக் கூட்டுத்தொகையும் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு கட்டமாகச் சொன்னேன். அன்றைக்கு அவர் பூஜ்யத்தை எழுதச் சொன்னார், நான் சிரித்தேன் என்று சொன்னேன். நான்கு கூடு வாங்கிவந்ததையும் சொன்னேன். அவருடையதில் ஐந்துக்கு ஒன்று, என்னுடையதில் ஐந்துக்கு இரண்டு, இதைச் சங்கத்துக் குறிப்பில் எழுதுங்கள் என்றேன். எழுதினார்கள், எழுதும்வரை நான் நின்றேன்.

பின் பெஞ்சில் நம் வயதுக்காரர் ஒருவர் இருந்தார். உமக்கு அந்தப் பேரை வைத்தவர் அவர்தான் என்று எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. அவர் வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"அப்ப சீக்குப்பெட்டிக்காரரு நீருதானாக்கும்."

அறை சிரித்தது. எனக்குப் பதில் இருந்தது. விகிதம் கூடுதலாக இருப்பதால் மட்டும் நோய் அங்கிருந்து தொடங்கியது என்று ஆகாது. இருபது பெட்டி என்பது சின்ன எண்ணிக்கை. அட்டவணைக்கு எது முந்தியது, எது பிந்தியது என்று தெரியாது. ஒன்றுவிடாமல் எனக்குத் தெரியும். வாழ்க்கையில் ஒரு வாக்குவாதத்தையும் பாதியில் விட்டவன் இல்லை நான். அட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று முன்தினம் டீக்கடை வாசலில் நின்றேன். உள்ளேயிருந்து கடைக்காரர் அடுப்படியைப் பார்த்துக் கத்தினார்: "சீக்குப்பெட்டிக்காரருக்கு ஒரு சாயா, சீனி கொறச்சு." அங்கிருந்தவர்கள் நான் சண்டை பிடிப்பேன் என்று காத்திருந்தார்கள். கையை நீட்டி வாங்கிக் குடித்தேன்.